கரையில் இரும்பு கூடாது

பூதலூருக்குத் தெற்கே ஓர் ஊர். பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால், அது அந்த ஊர்ச் சங்கதி என்று மற்ற ஊர்கள் கைகழுவிக்கொள்ளும். அந்த ஊரின் கீழத்தெருவில் ஒரு பழைய நீல டிராக்டர் நிற்கிறது. அதன் உரிமையாளரும் ஓட்டுநரும் செவ்வந்தி. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. பொட்டு வைப்பதில்லை. கழுத்தில் தாலி இல்லை. புதிதாகப் பார்ப்பவர்கள் கணவரை இழந்தவர் என்று எண்ணிக் குரலைத் தணித்துப் பேசுவார்கள். "எங்க காத்தான் உள்ள டீ போட்டுக்கிட்டிருக்கு, கூப்பிடவா?" என்பார் செவ்வந்தி. கணவர் பெயரை இப்படிப் பட்டென்று சொல்லும் பெண்ணைப் பார்த்து அவர்கள் இன்னும் கொஞ்சம் திகைப்பார்கள்.

கீழத்தெருக்காரர்களுக்கு நிலம் என்று இருப்பது ஊருக்கு வடக்கே பள்ளத்தில். உளைக்காடு என்று பெயர். உளை என்றால் அடி காணாத சேறு. நில உச்சவரம்பு வந்தபோது மேலத்தெருப் பெரிய பண்ணை, சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, தன் பண்ணையாட்களுக்கு விட்டுக்கொடுத்தது இந்தச் சேற்றைத்தான். மாடு இறங்கினால் வயிறு முட்டும். மண்வெட்டியால் கொத்தி, காலால் மிதித்து, இரண்டு தலைமுறை அதில் நெல் விளைவித்தார்கள். பட்டா கையில் இருந்தது; ஏர் இறங்கவில்லை. நிலம் கொடுத்தோமே, இன்னும் என்ன வேண்டும் என்று கேட்கிறவர்கள் இன்றும் அந்த ஊரில் உண்டு. அவர்களை ஒரு நாள் அந்தச் சேற்றில் இறக்கிவிட வேண்டும்.

செவ்வந்தியின் அம்மா மேலத்தெருவில் சாணி அள்ளியவர். அங்கே யாரைக் கண்டாலும் "ஆண்டே" என்றுதான் வாய் திறக்கும். எசமான் என்பதைவிடக் குனிந்த சொல் அது. என்னை ஆள்பவர் நீங்கள், ஆளப்படுவது நான் என்பது அந்த ஒரு கூப்பிடலிலேயே முடிந்துவிடும்.

அந்தப் பெரிய பண்ணையின் கடைசி மகன் இளவழகன். பெற்றோர் வைத்தது ஒரு சாமி பெயர். கல்லூரியிலிருந்து வந்தவர் அதைத் தூக்கி எறிந்துவிட்டுத் தானே தனக்குத் தமிழ்ப்பெயர் வைத்துக்கொண்டார். இரண்டு தெருவுக்கும் நடுவில், அரசமரத்தை ஒட்டி ஓர் அறையை வாடகைக்குப் பிடித்துப் படிப்பகம் திறந்தார். கீழத்தெருப் பிள்ளைகளையும் பெஞ்சில் உட்காரவைத்து நாளிதழை உரக்கப் படிக்கச் சொன்னார். முதல் நாள் சிறுமி செவ்வந்தி வாசலிலேயே நின்று, "ஆண்டே, உள்ள வரலாமா?" என்று கேட்டார். இளவழகனின் முகம் சிவந்துவிட்டது.

"இனிமே அந்த வார்த்தை உன் வாயில வரக் கூடாது. எனக்கு வலிக்குது. தோழர்னு கூப்பிடு. எங்க, சொல்லு பாப்போம்?"

சொல்ல வரவில்லை. நாக்கு மடங்கவில்லை. இரண்டு மூன்று தடவை திணறி, கடைசியில், "தோழரு" என்றார் செவ்வந்தி. படிப்பகமே கைதட்டியது.

அன்று முதல் அவருக்கு அந்த ஊரில் மேலத்தெரு என்றால் ஒரே மனிதர்தான். செவ்வந்தி, காத்தான் திருமணத்தை அய்யரும் அம்மியும் இல்லாமல் படிப்பகத்தில் நடத்திவைத்தவர் இளவழகன். "இனி ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கணும். இதுதான் தாலி" என்று மாலையை எடுத்துக் கொடுத்தவரும் அவர். பெண் பிறந்ததும் சுடர்விழி என்று பெயர் வைத்தவரும் அவர். இந்த மனிதர் நல்லவராக இருந்த காலத்தை மறைத்துவிட்டு மற்றதைச் சொன்னால், நடந்ததன் முழு எடை தெரியாது. அதனால் சொல்கிறேன்.

காத்தான் அப்போது ராஜராஜனிடம் டிராக்டர் ஓட்டினார். ராஜராஜன், இளவழகனின் மனைவிக்குத் தம்பி. ஊரில் வாடகை உழவு முழுக்க அவர் கையில். ஒரு சம்பாப் பட்டத்தில், உளைக்காட்டில் ஓட்டிப் பார் என்று காத்தானை அனுப்பினார். வண்டியில் பூட்டியிருந்தது அரைக் கேஜ். அதாவது பின்பக்க ரப்பர் டயரைக் கழற்றாமல், அதற்கு வெளியே ஓர் இரும்புக் கூண்டுச் சக்கரத்தைச் சேர்த்துப் பூட்டுவது. கூண்டு டயரைவிடச் சிறியது என்பதால் சாலையில் போகும்போது தரையைத் தொடாது, ரப்பரிலேயே ஓடலாம். சேற்றில் டயர் அமிழும்போது கூண்டு பிடித்துக்கொள்ளும். சாதாரண வயலுக்கு அது போதும். உளைக்குப் போதாது. டயருக்கும் கூண்டுக்கும் நடுவில் களிமண் அப்பிக்கொண்டு, சக்கரம் உரல் மாதிரி ஆகிவிடும்; சுற்றாது. காத்தான் வண்டியை எழுப்ப முறுக்கினார். பின்சக்கரம் அசையவில்லை, மூக்கு மேலே கிளம்பியது. வண்டி அப்படியே பின்னால் மல்லாந்தது. சேறு இருந்ததால் உயிர் பிழைத்தார். இடுப்பு போயிற்று.

ராஜராஜன் ஓடிவந்து முதலில் கேட்டது, "வண்டிக்கு என்னடா ஆச்சு?"

அதற்குப் பிறகு காத்தான் வீட்டில் சமைத்தார், செவ்வந்தி ஓட்டினார். மட்கார்டில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே அவருக்குக் கிளட்ச் பிடிபட்டிருந்தது. லைசென்ஸ் எடுக்கத் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனது இளவழகன்தான். மகளிர் குழுக் கடனில் அந்த நீல வண்டி வந்தபோது, தெருப் பெண்கள் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் கொண்டுவந்தார்கள். செவ்வந்தி அவற்றை வாங்கிப் பிழிந்து வந்தவர்களுக்கெல்லாம் சர்பத் போட்டுக் கொடுத்தார். இளவழகன் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, "இதான் என் பள்ளிக்கூடத்துப் புள்ள" என்று ஊரெல்லாம் சொன்னார்.

கோடை உழவுக்கு ரப்பர் சக்கரத்தோடு வண்டி ஊர் முழுக்கப் போனது. மேலத்தெருச் சிறு விவசாயிகளே கூப்பிட ஆரம்பித்தார்கள். சொன்ன பொழுதுக்கு வருவார், குடிப்பதில்லை, மூலை முடுக்கு விடாமல் உழுவார். மேலத்தெரு வழியாகத் தார்ச்சாலையில் டிராக்டர் போகும்போது அவருடைய இருக்கை வீடுகளின் வாசற்படியைவிட உயரத்தில் போனது. நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் அண்ணாந்து பார்க்கவேண்டி இருந்தது. சைக்கிளில் போனபோதே இறங்கித் தள்ளிக்கொண்டு போகச் சொன்ன தெரு அது. இப்போது அப்படிச் சொல்ல முடியாது, சட்டம் இருக்கிறது. அதனால் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாதது வயிற்றிலேயே கிடந்து புளித்துக்கொண்டிருந்தது.

ஆவணியில், உளைக்காட்டுக்கு நாற்று விட்டாயிற்று. தெருவில் எல்லோரும் செவ்வந்தியை நம்பித்தான் விட்டார்கள். இந்த வருடம் கொத்தி மிதிக்கவேண்டாம், நம் வண்டி இறங்கும் என்று. எந்தச் சக்கரத்தில் இறங்குவது என்பதுதான் கேள்வி. வெறும் ரப்பர் வழுக்கும். அரைக் கேஜை நினைத்தாலே காத்தானின் இடுப்பு நினைவுக்கு வரும். மிச்சம் இருப்பது முழுக் கேஜ்: பின் ரப்பர் இரண்டையும் கழற்றிவிட்டு, ஆளுயரத்துக்கு இரும்புக் கூண்டை மட்டும் பூட்டுவது. அது மண்ணை வாரி வாரி உதறிவிட்டு மேலேயே மிதந்து போகும். ஆனால் தார்ச்சாலையில் ஏறக் கூடாது. ஏறினால் பட்டை பட்டையாகச் சாலையை உரித்துவிடும், வழக்கும் போடுவார்கள்.

இளவழகன் வீடு தேடி வந்தார். காத்தான் போட்ட தேநீரைக் குடித்துக்கொண்டே சொன்னார்.

"முழுக் கேஜ் போட்டுடு செவ்வந்தி. யோசிக்காத."

"ரோட்டுல ஏற முடியாதே தோழர்?"

"ரோடு எதுக்கு? வாய்க்கா கரை இருக்குல்ல? தூர்வாரி, மண்ணள்ளிப் போட்டு, ஜேசிபி போற அகலத்துக்குக் கரையப் போட்டிருக்கான். உன் தெரு கடைசியில ஏறுனா நேரா பள்ளத்துலதான் இறங்குவ. எங்க தோப்புக்குப் பின்னாலதான் போகுது, யாரு கேக்கப் போறா? நான் இருக்கேன்."

"இரும்பு வாங்கணுமே."

"ராஜராஜங்கிட்ட ஒரு ஜோடி சும்மா கிடக்கு. உன் ரப்பரக் குடுத்துட்டு அத எடுத்துக்க. அறுப்பு முடிஞ்சதும் திருப்பி மாத்திக்கங்க. நானே பேசிட்டேன்."

ராஜராஜன் பெயரைக் கேட்டதும் காத்தான் டம்ளரைக் கழுவப் போய்விட்டார். செவ்வந்தி கொஞ்சம் தயங்கினார். பிறகு, "நீங்க சொன்னா சரி தோழர்" என்றார்.

இரும்புச் சக்கரத்தைச் சரிபார்த்து வாங்கப் பூதலூர் ரயிலடிக்குப் பக்கத்தில் கலந்தர் பாயின் பட்டறைக்குப் போனார்கள். அதிராம்பட்டினத்துக்காரர், வளைகுடாவில் பத்து வருடம் கனரக வண்டிகளோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து இங்கே பட்டறை போட்டவர். இளவழகனும் கூடவே வந்திருந்தார். கலந்தர் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, பட்டைகளைச் சுத்தியலால் தட்டினார்.

"சக்கரம் கெட்டி. ரெண்டு எடத்துல வெல்டு வைக்கணும். ஒங்க உளைக்கு இதாம்மா சரி. ஆமா, ரப்பர என்ன பண்ணப் போறீங்க?"

"இதுக்கு மாத்திக் குடுத்துடறோம் பாய்."

"மாத்திக் குடுக்குறீங்களா? எவனாச்சும் செருப்பக் குடுத்துட்டுக் கொலுசு வாங்குவானா? சேத்துல போறதுக்கு இது. வீட்டுக்கு வர்றதுக்கு?"

இளவழகன் சிரித்தார். "பாய், நம்ம ஊர்ல நாங்கல்லாம் மனுசங்கதான். ஒரு டயரத் திருப்பித் தரமாட்டோமா?"

"நான் ஒங்களச் சொல்லலங்க. டயரச் சொன்னேன். அது போனா உருண்டு போயிடும்" என்றார் கலந்தர்.

எல்லோரும் சிரித்தார்கள். செவ்வந்திதான் அதிகம் சிரித்தார். கலந்தர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, மறுபடியும் ஒரு வார்த்தை சொன்னார்: "வாடகைக்காச்சும் ஒரு ஜோடி ரப்பர் வீட்டுல வச்சுக்கம்மா." செவ்வந்திக்கு அது தோழரைச் சந்தேகப்படுவது போலப் பட்டது. வேண்டாம் என்றுவிட்டார். வண்டியை ரப்பரோடு ஓட்டிவந்து, சக்கரத்தை டிரெய்லரில் ஏற்றி, கீழத்தெரு மண்ணில் வைத்துத்தான் மாற்றினார்கள். கழற்றிய ரப்பரை அன்று மாலையே ராஜராஜனின் ஆட்கள் உருட்டிக்கொண்டு போனார்கள்.

அதற்கு மறுநாளே ஊர்க்கூட்டம் என்று தண்டோரா இல்லாத குறையாக வாட்ஸப்பில் வந்தது. இடம், பிள்ளையார் கோயில் மண்டபம். மேலத்தெரு மண்டபத்தின் மேல் உட்காரும். கீழத்தெரு கீழே, வேப்பமரத்தடியில் நிற்கும். யாரும் அப்படிச் சட்டம் போட்டதில்லை. ஆனாலும் எல்லோருக்கும் தங்கள் இடம் தெரிந்திருந்தது. செவ்வந்தி மரத்தடியில் நின்று இளவழகனைத் தேடினார். கோயில் படி மிதிக்காத கொள்கைக்காரர் அவர். எப்போதும் தெருவில் சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு நின்றுதான் பேசுவார். அன்று தெருவில் இல்லை. மண்டபத்துக்குள் ராஜராஜனுக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்.

ராஜராஜன் எழுந்து, தூர்வாரிய கரையைப் பற்றிப் பேசினார். புது மண், இரும்புச் சக்கரம் போனால் அறுத்துவிடும், கரை உடைந்தால் ஊர் முழுக்கத் தண்ணீர் என்றார். கீழத்தெருவில் முணுமுணுப்பு எழுந்தது. செவ்வந்தி அமைதியாக இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். தோழர் இருக்கிறார், அவர் பேசுவார் என்ற அர்த்தத்தில்.

இளவழகன் எழுந்தார்.

"யாரும் உணர்ச்சிவசப்பட வேணாம். அறிவியல்பூர்வமாப் பாப்போம். ரப்பர்ங்கிறது எடையப் பரப்பிவிடும். இரும்புப் பட்டை கத்தி மாதிரி ஒரே எடத்துல அழுத்தும். புதுக் கரைக்கு அது ஆகாது. அதனால, கரையில இரும்பு கூடாது. இது எந்த ஆளுக்கும் எதிரான விதி இல்ல. சக்கரத்துக்கான விதி. நாளைக்கு என் வண்டியே இரும்போட வந்தாலும் நிறுத்தத்தான் வேணும்."

மண்டபம் தலையாட்டியது. அதே கரையில் பத்து டன் ஜேசிபி, இரும்புச் சங்கிலியோடு, போன மாதம்தான் நடை பழகியது. அப்போது அறிவியல் தூங்கிக்கொண்டிருந்தது போலிருக்கிறது. ஊரில் முழுக் கேஜ் பூட்டிய வண்டி ஒன்றே ஒன்று. அது யாருடையது என்று மண்டபத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். சாதி என்ற சொல் அந்தக் கூட்டத்தில் ஒருமுறைகூட வரவில்லை. சக்கரம் என்ற சொல்லே எல்லா வேலையையும் செய்துவிட்டது.

செவ்வந்தியின் குரல் மரத்தடியிலிருந்து வந்தது.

"தோழர், இரும்பு போடச் சொன்னதே நீங்கதான?"

யாரோ சிரித்தார்கள். இளவழகன் அவரைப் பார்க்காமல் சொன்னார். "நான் சேத்துக்குச் சொன்னேன் செவ்வந்தி. கரைக்குச் சொல்லல."

கூட்டம் கலைந்தது. செவ்வந்தி வீட்டுக்குப் போகவில்லை. நேராக ராஜராஜன் வீட்டுக்குப் போனார். ரப்பரைத் திருப்பிக் கொடுங்கள், சாலையில் ரப்பரோடு போய், பள்ளத்தின் ஓரத்தில் இரும்பை மாட்டிக்கொள்கிறேன் என்று கேட்டார். வாசலில் நின்ற டிராக்டரில் செவ்வந்தியின் ரப்பர் இரண்டும் ஏற்கெனவே ஏறியிருந்தன.

"அறுப்பு முடிஞ்சதும்னுதான பேச்சு?" என்றார் ராஜராஜன். "பேச்சுன்னா பேச்சு. வேணும்னா என் வண்டிய அனுப்புறேன், அரைக் கேஜோட. ஒன் புருசனுக்குப் பழக்கமான வண்டிதான்."

செவ்வந்தி அங்கிருந்து இளவழகன் வீட்டுக்கு வந்தார். இளவழகன் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். இவரைக் கண்டதும் எழுந்து நாற்காலியைக் காட்டினார். அந்த மரியாதையில் ஒரு குறையும் இல்லை. செவ்வந்தி உட்காரவில்லை.

"நாத்து முத்துது தோழர். கணு விட்டுச்சின்னா வீசிட வேண்டியதுதான். தெருவே என்னை நம்பி விட்டிருக்கு."

"தெரியுது."

"தெரிஞ்சுமா?"

இளவழகன் நாற்காலியைப் பழைய இடத்துக்கு இழுத்துப் போட்டார். பிறகு தணிந்த குரலில், தனக்கே சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னார்.

"உனக்குப் புரியாது. நீ தினம் இந்தத் தெரு வழியா, அவ்வளவு உயரத்துல உக்காந்து போற. என்கிட்ட வந்து வந்து சொல்றானுங்க. ஒருநாள் எவனாவது கல்ல விட்டான்னா? ரப்பர் இருந்தா நீ ஊரெல்லாம் சுத்துவ. இரும்புன்னா பள்ளத்தோட நிப்ப. நாலு மாசம் கண்ணுல படாம இருந்தா இவனுங்க கோவம் ஆறிடும்னு நெனச்சேன். கரைய மறிப்பானுங்கன்னு அன்னைக்குச் சத்தியமா தெரியாது. நேத்துதான் சொன்னானுங்க. என் பையனுக்கும் இப்ப பொண்ணு பாத்துக்கிட்டிருக்கோம். எல்லாரும் சொந்தம். நான் என்ன செய்ய? உன் நல்லதுக்குத்தான் செஞ்சேன் செவ்வந்தி."

செவ்வந்தி அப்போதுதான் முழுவதையும் புரிந்துகொண்டார். கூட்டத்தில் நடந்தது பிறகு வந்தது. முதல் காரியம் அவர் வீட்டிலேயே, காத்தான் போட்ட தேநீரைக் குடித்துக்கொண்டே முடிந்துவிட்டது. எந்தச் சக்கரம் சேற்றில் மிதக்கும் என்று செவ்வந்தி கேட்டுக்கொண்டிருந்தார். எந்தச் சக்கரம் இவரை மேலத்தெருவில் ஏறவிடாது என்று தோழர் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு கேள்விக்கும் விடை ஒரே சக்கரமாக அமைந்துவிட்டது.

ஒரு பழமைவாதி இதைச் செய்திருந்தால் கோபம் வந்திருக்கும், அவ்வளவுதான். அவனிடம் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. கடவுள் இல்லை என்று மேடையில் முழங்கத் துணிச்சல் இருந்த இந்த மனிதருக்கு, சொந்த மைத்துனன் முன்னால் செவ்வந்தியும் மனுசிதான் என்று சொல்லத் துணிச்சல் இல்லை. இல்லாத கடவுளை எதிர்ப்பது எளிது. அது பெண் கொடுப்பதுமில்லை, எடுப்பதுமில்லை.

வீட்டில் காத்தான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அடுப்பை அணைத்தார். பிறகு, "அன்னைக்கே அந்த எலுமிச்சம்பழத்த வச்சிருக்கலாம் செவ்வந்தி" என்றார்.

"வச்சிருந்தா அதையும் அவரே ரெண்டு டம்ளர் குடிச்சிருப்பாரு."

காத்தான் சிரித்தார். செவ்வந்தி சிரிக்கப்போய், பாதியில் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். இடுப்பொடிந்து கணவர் கிடந்தபோதுகூட அந்த வீட்டில் அப்படி அழுகை கேட்டதில்லை.

செவ்வந்தியின் அண்ணன் வீரையன் தஞ்சாவூரில் சென்ட்ரிங் மேஸ்திரி. கட்டடத்துக்குத் தளம் போடும்போது அடியில் பலகை அடிக்கும் வேலை. தங்கச்சி போனில் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ரோட்டுல இரும்பு படக் கூடாது. அவ்வளவுதான சட்டம்?"

"ஆமாண்ணே."

"பலக படலாமுல்ல?"

மறுநாள் காலை, பள்ளிக்கூட நேரத்துக்கு, லாரி நிறையச் சென்ட்ரிங் பலகையோடு வீரையன் வந்து இறங்கினார். கீழத்தெருவே சாலைக்கு வந்தது. தெருமுனையில் தார் தொடங்கும் இடத்தில் இரண்டு வரிசையாகப் பலகையைப் போட்டார்கள். செவ்வந்தி வண்டியை மெல்ல ஏற்றினார். இரும்புப் பட்டைகள் பலகையைக் கடித்தன, தாரில் படவில்லை. வண்டி கடந்ததும் பின்னால் இருந்த பலகையைப் பெண்கள் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடிவந்து போட்டார்கள். மறுபடியும் வண்டி கொஞ்சம் நகர்ந்தது. மறுபடியும் பின்பலகை முன்னால் வந்தது. பள்ளத்துக்குப் போக மேலத்தெரு முழுவதையும் கடந்தாக வேண்டும்.

"ஏ ஆத்தா, பாத்து ஓட்டு. என் பலகைய எல்லாம் வெறகா ஆக்கிடாத" என்று வீரையன் கத்தினார். "ஓனரு என்னைத் தொலச்சிடுவான்!"

"தேரு இழுக்குறப்ப கட்டை போடுவாங்கல்ல, நாங்க வண்டிக்குப் போடுறோம்" என்றார் ஒரு பெண். "அந்தத் தேருதான் நம்ம தெருவுக்கு வந்ததேயில்ல. நம்ம தேரு அவுங்க தெருவுக்குப் போகட்டும்!"

விடுமுறைக்கு வந்திருந்த சுடர்விழி, நர்சிங் படிக்கும் பெண், ஒரு பலகையின் முனையைத் தோளில் தாங்கியிருந்தார். வழியில் ஒரு போலீஸ்காரர் பைக்கை நிறுத்தினார். யாரோ போன் செய்திருக்கிறார்கள். குனிந்து பலகைக்கு அடியில் பார்த்தார், தாரைத் தடவினார், கீறல் இல்லை. "சீக்கிரம் போங்கம்மா, ஸ்கூல் வேன் நிக்குது" என்றுவிட்டுப் போய்விட்டார். சீக்கிரம் போகத்தான் முடியாது. ரப்பரில் போனால் கண் மூடித் திறப்பதற்குள் கடந்துபோகும் தெருவை அன்று அந்த வண்டி ஊர்ந்து ஊர்ந்து கடந்தது. நாலு மாதம் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று ஒதுக்கிவைத்த பெண்மணியை, ஒவ்வொரு வீட்டு வாசலும் நின்று நிதானமாகப் பார்க்கவேண்டி வந்தது. ராஜராஜன் கதவைச் சாத்திக்கொண்டார்.

இளவழகன் வீட்டு முன்னால் பலகை மாற்றுவதற்காக வண்டி நின்றது. அவர் படியிறங்கி வந்தார். கண் கலங்கியிருந்தது. அவர் பெருமைப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். அந்தக் கொடுமையும் அவருக்குச் சாத்தியம். அடுத்த பலகையைத் தூக்கக் குனிந்தார்.

"விடு, நான் ஒரு கை புடிக்கிறேன். செவ்வந்தி, இதாம்மா போராட்டம். எனக்கு..."

செவ்வந்தி உயரத்திலிருந்து பார்த்தார். இஞ்சினை அணைத்தார். தெரு முழுக்கக் கேட்கும்படி, ஆனால் குரலை உயர்த்தாமல், தன் அம்மா அந்த வாசலில் நின்று சொல்லும் அதே பணிவோடு சொன்னார்.

"பலகையத் தொடாதீங்க ஆண்டே. தள்ளி நில்லுங்க."

இளவழகன் அடிபட்டவர்போல நிமிர்ந்தார்.

"என்ன சொன்ன?"

"தள்ளி நில்லுங்கன்னேன், ஆண்டே."

"செவ்வந்தி. அந்த வார்த்தை... தோழர்னு சொல்லும்மா."

"அது நாக்குல வரமாட்டேங்குதுங்க."

பெண்கள் அவர் காலடியிலிருந்து பலகையை உருவி முன்னால் கொண்டுபோனார்கள். இஞ்சின் மறுபடி எழுந்தது.

அன்று பொழுது சாய்வதற்குள் உளைக்காட்டில் வண்டி இறங்கியது. இரும்பு மிதந்தது, சொன்னபடியே சேற்றை வாரி உதறிக்கொண்டு போனது. சக்கரத்தைப் பற்றி இளவழகன் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. நாற்று முற்றுவதற்குள் தெரு முழுக்க நட்டு முடித்தார்கள். அறுவடையானதும் ரப்பர் இரண்டும் திரும்பி வந்தன, மண்ணைப் பிடிக்கும் பட்டன்கள் தேய்ந்து மொழுக்கென்று. செவ்வந்தி அவற்றைப் பூட்டிக்கொண்டு மறுபடியும் மேலத்தெரு வழியாகப் போகிறார். கரையில் இரும்பு கூடாது என்ற விதி இன்றும் இருக்கிறது.

படிப்பகம் பக்கம் அவர் போவதில்லை. எதிரில் இளவழகனைக் கண்டால் வண்டியின் வேகத்தைக் குறைக்கிறார், "நல்லா இருக்கீங்களா ஆண்டே?" என்று விசாரிக்கிறார், போய்விடுகிறார். ஊர் நடுவில், பஸ் நிறுத்தத்தில், டீக்கடையில், எங்கே பார்த்தாலும். இளவழகன் இப்போதெல்லாம் டிராக்டர் சத்தம் கேட்டால் சந்துக்குள் திரும்பிக்கொள்கிறார் என்கிறார்கள்.

"விட்டுடேம்மா. வயசான மனுசன்" என்றார் சுடர்விழி ஒருநாள். "எனக்குப் பேரு வச்சவரு."

செவ்வந்தி டயரில் அப்பியிருந்த மண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்.

"நானும் அவருக்கு ஒரு பேரு வச்சிருந்தேன். அவருதான் வேணாம்னுட்டாரு."